கிடை: மலையிலிருந்து வயலுக்கு இறங்கிய உரம்

அறுவடை முடிந்த வயலில் ஆட்டு மந்தையையோ மாட்டு மந்தையையோ இரவு முழுவதும் படுக்கவைத்து, புழுக்கையையும் சாணத்தையும் மூத்திரத்தையும் நிலத்துக்கு உரமாக்குவது கிடை போடுதல். மதுரையைச் சுற்றிய சமவெளியில் செயற்கை உரம் வருவதற்கு முன்பு நஞ்சை, புஞ்சை இரண்டுக்கும் இதுவே முக்கியமான உரங்களில் ஒன்று. அந்த உரத்தின் பெரும்பகுதி அந்த வயலில் விளைந்ததல்ல. அழகர்மலை, சிறுமலை, நாகமலைச் சரிவுகளிலும், மேற்கே வருசநாட்டு மலையடிவாரத்திலும், கண்மாய்ப் புறம்போக்குகளிலும் கால்நடைகள் பகலெல்லாம் மேய்ந்த புல்லும் தழையும் காயும்தான் இரவில் உரமாக இறங்கின. கிடையை உழவின் கதையாக மட்டும் எழுதினால் பாதிதான் வரும். மறுபாதி காட்டில் இருக்கிறது.

காட்டில் வாழும் விலங்குகளும் காட்டுக்குள் நுழைந்து திரும்பும் விலங்குகளும் கரியையும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் இடம்விட்டு இடம் மாற்றுகின்றன என்பது இன்று சூழலியலில் முனைவர் பட்ட ஆய்வுகளுக்குரிய பொருள். மரமும் மழையும் மண்ணும் மட்டுமே காட்டின் சத்துச் சுழற்சியைத் தீர்மானிப்பதாக நெடுங்காலம் கருதப்பட்டது. விலங்குகள் அந்தக் கணக்கில் சேர்ந்தது பிந்தித்தான். மதுரைப் பக்கத்து மந்தைக்காரர்களான கீதாரிகளும் உழவர்களான சம்சாரிகளும் அந்தக் கணக்கை இரவுக்கு இவ்வளவு என்று பேரம் பேசி வைத்திருந்தார்கள்.

மதுரைப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையை ஒட்டி வருகிறது. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம் நெல், நிறையாவிட்டால் புஞ்சைத் தவசம். வெயில் கடுமையாக இருப்பதால் மண்ணில் சேரும் இலைதழை வேகமாக மட்கிக் கரைந்துவிடும். செம்மண்ணில் கரிமச்சத்து தங்குவது அரிது. ஆகவே ஆண்டுதோறும் வெளியிலிருந்து எதையாவது கொண்டுவந்து போட்டால்தான் நிலம் விளையும். கொண்டுவர மலை பக்கத்தில் இருந்தது. சுமந்துவர ஆடுமாடு இருந்தது.

மதுரை நகரின் விளிம்பில் ஆயர் குடியிருப்பு இருந்தது பழைய செய்தி. கோவலனும் கண்ணகியும் மாதரி என்ற இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலமாக விடப்பட்டதும், ஆய்ச்சியர் குரவை நிகழ்ந்ததும் மதுரைக்கு வெளியே இருந்த ஆயர் சேரியில்தான் என்கிறது சிலப்பதிகாரம். திணைப் பகுப்பில் முல்லை, குறிஞ்சி மலைக்கும் மருத வயலுக்கும் நடுவில் நிற்கிறது. நிலத்தின் மேலும் அது நடுவில்தான் கிடக்கிறது: மலையடிவாரத்துப் புதர்க்காடு, மேய்ச்சல் தரை, கண்மாயின் உள்வாய். இடையர் வாழ்ந்த இந்த நடுநிலம் காட்டையும் வயலையும் இணைத்தது. நகரத்தின் இன்றைய பெரிய பேருந்து நிலையம் மாட்டுத்தாவணி என்று ஒரு மாட்டுச் சந்தையின் பெயரைச் சுமந்துகொண்டிருப்பது தற்செயலல்ல.

கிடை வேலையின் ஆண்டு, பயிரை ஒட்டி ஓடியது. தை, மாசியில் அறுப்பு முடிந்ததும் மந்தைகள் வயலுக்கு இறங்கும். கோடை முழுவதும் ஊர் ஊராகக் கிடை நகரும். மழை விழுந்து நடவு தொடங்கினால் வயலில் இடமில்லை; அப்போது மந்தை மேட்டு நிலத்துக்கும் மலையடிவாரத்துக்கும் போகும். மந்தைக்குப் பொறுப்பானவர் கீதாரி. எந்த ஊரில், யார் வயலில், எத்தனை இரவு என்று முன்கூட்டியே பேசி முடிப்பவர் அவரே. கூலி முன்பு நெல்லாகவும், அதோடு கிடைக்காரர்களுக்குச் சாப்பாடாகவும் இருந்தது, இப்போது ரொக்கம். கி. ராஜநாராயணன் ‘கிடை’ என்ற பெயரிலேயே ஒரு குறுநாவல் எழுதினார். சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ நாவலில் இராமநாதபுரத்து ஆட்டிடையர்களின் அலைந்து திரியும் வாழ்க்கை பதிவாகியிருக்கிறது.

வேலை பார்வைக்கு எளிது. பொழுது சாயும்போது மந்தையை வயலுக்கு ஓட்டிவந்து ஒரு பகுதியில் மடக்குவார்கள். ஆட்டுக்கிடைக்குச் சுற்றிலும் வலையோ தட்டியோ உண்டு. குட்டிகளை மூங்கில் பிளாச்சில் முடைந்த கொடாப்புக்குள் அடைப்பார்கள். மாட்டுக்கிடைக்கு வேலி கிடையாது. நூற்றுக்கணக்கான மாடுகள் திறந்த வயலில் படுத்திருக்க, மூலைக்கு ஒருவராக ஆட்கள் படுப்பார்கள். நடு இரவில் எழுந்து மந்தையைக் கிளப்பிவிடுவதும் உண்டு. படுத்த விலங்கு எழுந்தவுடன் மூத்திரம் பெய்யும், சாணம் போடும். அப்படியே கொஞ்சம் தள்ளிப் படுக்கவைத்தால் உரம் ஒரே இடத்தில் குவியாமல் பரவும். மறுநாள் இரவு கிடை அடுத்த துண்டுக்கு மாறும். வயல் முழுவதும் மிதிபட்டு முடிந்ததும் சம்சாரி காலம் தாழ்த்தாமல் மேலாக ஒரு உழவு ஓட்டிவிடுவார்.

அந்த உழவில் ஒரு வேதியியல் இருக்கிறது. அசைபோடும் விலங்கு தின்ற தீவனத்திலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி உடம்பில் தங்காமல் வெளியேறிவிடுகிறது. அதில் ஏறத்தாழப் பாதியும், சாம்பல் சத்தில் பெரும்பங்கும் மூத்திரத்தில் இருக்கின்றன. மூத்திரத்திலுள்ள யூரியா சூடான மண்ணில் அம்மோனியாவாக மாறிக் காற்றில் போய்விடும். மண்ணைப் புரட்டினால் அது தங்கும். தொழுவத்தில் கட்டிய மாட்டின் சாணத்தை மட்டும் அள்ளி வண்டியில் கொண்டுபோய்க் கொட்டும்போது மூத்திரம் தொழுவத் தரையோடு போகிறது. கிடையிலோ இரண்டும் வயலிலேயே விழுகின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் சாதாரணத் தொழு உரத்தில் தழைச்சத்து 0.5 விழுக்காடு, ஆட்டு எருவில் 3 விழுக்காடு. ஆட்டு எரு அந்த வருஷமே பேசும், மாட்டு எரு மறுவருஷம்தான் பேசும் என்ற நாட்டு வழக்குக்கும் காரணம் இருக்கிறது: புழுக்கை நுண்ணியது, சத்து மிகுந்தது, சீக்கிரம் மட்கும். மாட்டுச் சாணத்தில் செரிக்காத நார் அதிகம். மெல்லக் கரையும், ஆனால் மண்ணில் கரிமச்சத்தைக் கொஞ்சம் கூடுதல் நாள் நிறுத்திவைக்கும்.

வயலுக்குக் கிடைத்தது காட்டுக்கு இழப்பு. பகலில் மேயும்போது விழும் சாணம் காட்டிலேயே தங்கும். இரவுச் சாணம் திரும்பி வராது. தழைச்சத்தைப் பொறுத்தவரை காட்டுக்கு வேறு வழிகளும் உண்டு: வேல மரங்களின் வேர்முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து பிடித்துத் தரும், மழையும் கொஞ்சம் கொண்டுவரும். மணிச்சத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை. அது பாறை சிதைந்துதான் வரவேண்டும். அதற்கு நூற்றாண்டுகள் ஆகும். நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கிய மணிச்சத்தின் அளவை யாரும் எழுதிவைக்கவில்லை. அடிவாரக் குன்றுகள் பல முள்ளும் புதருமாக நிற்பதற்கு விறகு வெட்டும் தீயும் காரணங்கள் என்றால், இதுவும் அவற்றோடு சேர்த்து எண்ணவேண்டியது. மேய்ச்சல் காட்டுக்கு நன்மை மட்டுமே செய்யும் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைத் தொடுவதில்லை.

இந்த வேலைக்கென்றே உருவான கால்நடை இனங்கள் உண்டு. மதுரை, சிவகங்கைப் பகுதிகளின் புலிகுளம் மாடு அவற்றில் பெயர்பெற்றது. நடுத்தர உடல், பின்னோக்கி வளைந்த கொம்பு, நெடுந்தூர நடைக்கும் அரைவயிற்றுத் தீவனத்துக்கும் பழகிய குணம். பால் குறைவு. கிடை மாடு என்றே அதை அழைப்பார்கள். உரமே அதன் முதல் வருமானம். அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் வாடிவாசல்களில் பாயும் காளைகளில் பல இந்தக் கிடைகளில் பிறந்த கன்றுகள்தான். தேனிப் பக்கம் மலைமாடு என்ற இன்னொரு வகை மேற்குத்தொடர்ச்சி மலைச் சரிவுகளிலேயே மேய்ந்து வளர்ந்தது. ஆடுகளில் வாடிப்பட்டி வட்டத்துக் கச்சைகட்டி ஊரின் பெயரால் அறியப்படும் கருப்புச் செம்மறி உண்டு. அதன் கிடாக்கள் கிடா முட்டுக்கும் பெயர்போனவை. கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் புலிகுளத்தையும் கச்சைகட்டிக் கருப்பையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. அதற்கு முன்பே மதுரையைச் சேர்ந்த ‘சேவா’ என்ற தொண்டு நிறுவனம் கிடைக்காரர்களின் வழக்கங்களையும் மந்தைகளையும் ஆவணப்படுத்தி வந்தது.

காடு, வயல் இரண்டையும் சட்டம் தனித்தனியாகப் பிரித்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மனிதர்களோடு கால்நடைகளும் பெருந்தொகையாக மடிந்தன. அடுத்த சில ஆண்டுகளில், 1882-இல், சென்னை வனச் சட்டம் வந்தது. குன்றுகளும் மலைச்சரிவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காப்புக்காடுகளாக அறிவிக்கப்பட்டன. மேய்ச்சலுக்குச் சீட்டும் கட்டணமும் வந்தன. வெள்ளாடு வனத்துறைக்கு ஆகவே ஆகாத விலங்கு. இளங்கன்றுகளைக் கடித்து மரம் எழவிடாமல் செய்கிறது என்பது குற்றச்சாட்டு. அது பொய்யல்ல. புதுப்புல் தளிர்ப்பதற்காக மேய்ப்பவர்கள் கோடையில் காட்டுக்குத் தீ வைக்கிறார்கள் என்ற புகாரும் தொடர்ந்து எழுந்தது. அதுவும் பல இடங்களில் உண்மை.

உழவுக்கும் காட்டுக்கும் உள்ள உறவை அந்தக் காலத்திலேயே கூர்ந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்து அரச வேளாண் கழகத்தின் வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1889-இல் இந்தியாவுக்கு வந்து சுற்றி, 1893-இல் இந்திய வேளாண்மை பற்றிய அறிக்கையை வெளியிட்டார். சாணத்தை வரட்டியாக்கி எரிப்பது உழவனின் அறியாமையால் அல்ல, விறகு இல்லாமையால் என்று அவர் வாதிட்டார். காடுகள் வருமானத்துக்காக மட்டும் இல்லாமல் விறகும் தீவனமும் தந்து உழவுக்கு உதவவேண்டும் என்பது அவர் முடிவு. காட்டிலிருந்து விறகு வந்தால் சாணம் வயலுக்குப் போகும்; சத்துச் சுழற்சி என்ற பெயர் பரவுவதற்கு முன்பே அவர் அதைத்தான் சொன்னார். அறிக்கை பாராட்டப்பட்டது, மேய்ச்சல் கட்டுப்பாடுகள் தொடர்ந்தன. மக்கள் குறைகள் பெருகிய பின் அமைந்த குழு 1913-இல் அறிக்கை தந்தது. அதையொட்டி ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் சில காடுகளின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. சீட்டு முறையோ மறையவில்லை.

இடையில் வயலும் மாறியது. 1895-இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய தண்ணீர் வைகைக்குத் திரும்பியது. வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கங்களில் மானாவாரி நிலங்கள் பாசனத்துக்கு வந்தன. 1959-இல் வைகை அணை வந்தது. பாசன நெல் மண்ணின் சத்தை வேகமாக உறிஞ்சும் என்பதால் உரத்தின் தேவை கூடிற்று. கிடைக்கு நல்ல காலம். அதே பாசனம் கிடைக்கு எதிராகவும் வேலை செய்தது. இரண்டு போகம் விளையும் வயல் வெறுமனே கிடக்கும் நாள்கள் குறைவு. மந்தை படுக்க இடம் தேடி மேலும் தூரம் நடந்தது.

மேயும் மந்தையின் அளவு காட்டின் கரியை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. 1890-களில் வெக்கை நோய் கிழக்கு ஆப்பிரிக்காவின் மாடுகளையும் காட்டுக் குளம்பிகளையும் அழித்தது. அடுத்த நூற்றாண்டில் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் செரங்கெட்டியில் அந்த நோய் அடங்கியது. அங்கு சில லட்சமாகச் சுருங்கியிருந்த வில்டபீஸ்ட் கூட்டம் பத்து லட்சத்தைத் தாண்டியது. அவை புல்லை மேய்ந்து தீர்த்தன. புல் குறைந்ததால் தீ குறைந்தது. தீ குறைந்ததால் மரம் பெருகியது. ரிக்கார்டோ ஹோல்டோ குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த நிலப்பரப்பு கரியை வெளிவிடும் நிலையிலிருந்து கரியைச் சேர்க்கும் நிலைக்கு மாறியிருந்தது. இதே வெக்கை நோய் தமிழ்நாட்டு மந்தைகளையும் திரும்பத் திரும்ப வாரிக்கொண்டு போனது. சுதந்திர இந்தியா 1954-இல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 2011-இல் உலகிலிருந்தே அந்த நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மதுரையில் நோய் ஒழிந்தும் மந்தை பெருகவில்லை. இங்கே மந்தையின் அளவைத் தீர்மானித்தது நோயைவிட மேய்ச்சல் நிலமும் உர விலையும்தான். ஆப்பிரிக்கப் பாடத்தை அப்படியே இங்கே பொருத்த முடியாமல் போவது இதனால்தான்.

மதுரைக்குக் கிழக்கேயும் தெற்கேயும் ஆடுமாடுகள் வேறொரு காட்டையே உண்டாக்கின. சீமைக்கருவேலம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காகச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்டது. வறண்ட மாவட்டங்களில் அதைப் பரப்பியதில் அரசுக்குப் பங்குண்டு, ஆடுமாடுகளுக்கும் உண்டு. அதன் நெற்று இனிப்பானது. கோடையில் வேறு தீவனம் இல்லாதபோது மந்தை அதைத்தான் தின்னும். விதையின் தோல் தடித்தது. குடலைக் கடந்தும் சாகாது, சாணத்தோடு விழுந்த இடத்தில் ஈரம் கிடைத்தால் முளைக்கும். கண்மாயிலும் ஓடைக்கரையிலும் தரிசிலும் அது எழும்பியது இப்படித்தான். கிடை போட்ட வயலிலேயே சீமைக்கருவேலங் கன்று முளைப்பதைப் பார்த்துச் சம்சாரி திட்டுவதும் புதிதல்ல. அந்தப் புதர்க்காடு பெருமளவு கரியை மரமாகச் சேர்த்திருக்கிறது. இராமநாதபுரத்துக் கரிமூட்டத் தொழில் அதையே நம்பியிருக்கிறது. சீமைக்கருவேலம் நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்ற வழக்கில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் அதை வேரோடு அகற்ற உத்தரவுகள் பிறப்பித்தது. கரிக் கணக்கில் அது வரவு, நீர்க் கணக்கில் செலவு. இரண்டையும் எழுதியதில் மந்தைக்கும் கை உண்டு.

1960-களில் குட்டை நெல் வகைகளும் யூரியாவும் சேர்ந்து வந்தன. ஒரு மூட்டை யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்விடலாம். ஆயிரம் ஆட்டை அழைத்துவந்து காவல் காத்து இரவு முழுக்க விழித்திருக்க வேண்டியதில்லை. உழவு மாட்டின் இடத்தை டிராக்டர் பிடித்ததும் கிடையில் பிறந்த காளைக் கன்றுக்கு விலை விழுந்தது. மேய்ச்சல் புறம்போக்குகள் பட்டாவாகவும் கட்டடமாகவும் மாறின. 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது புலிகுளம் மந்தைகளுக்கு எஞ்சியிருந்த ஒரு சந்தையும் அடைபட்டது. 2017-இல் மாநிலச் சட்டத் திருத்தம் அதைத் திறந்தது. 2023-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை உறுதிசெய்தது.

காட்டின் சத்து வெளியேறுவது குறித்து அண்மைக்கால ஆய்வுகளில் மதுரைக் கிடைக்கு மிக அருகில் நிற்பது கர்நாடகத்தின் பந்திப்பூரில் நடந்தது. காப்புக்காட்டு ஓரக் கிராமங்களின் மாடுகள் காட்டில் மேய்ந்து போடும் சாணத்தை மக்கள் அள்ளி காப்பித் தோட்டங்களுக்கு விற்றார்கள். உலகச் சந்தையில் காப்பி விலை ஏறியதும் சாணத்துக்குத் தேவை ஏறி, காட்டோரத்தில் மாடு வளர்ப்பும் கூடியதை எம்.டி. மதுசூதன் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். உரம் வாங்குபவர் எங்கோ இருக்க, விலையைச் செலுத்துவது காடாக இருந்தது. இமயமலையின் ஸ்பிதியில் சுமந்தா பாக்சியும் இந்திய அறிவியல் கழகக் குழுவினரும் பல்லாண்டு அளவெடுத்து, காட்டுவிலங்குகள் மேயும் மண்ணைவிட வளர்ப்புக் கால்நடைகள் மேயும் மண்ணில் கரிச் சேமிப்பு குறைவு என்று 2023-இல் தெரிவித்தார்கள். கால்நடைக்குத் தரும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் சாணத்தின் வழியே மண்ணின் நுண்ணுயிர்களைப் பாதிப்பதை அவர்கள் ஒரு காரணமாகச் சுட்டினார்கள். தமிழ்நாட்டில் முதுமலையில் 1988-இல் ஆர். சுகுமார் தலைமையில் அமைந்த 50 ஹெக்டேர் ஆய்வுத் திடலில் ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, யானை ஒடித்தது எது, தீயில் போனது எது என்று தொடர்ந்து பதிவு செய்கிறார்கள். குளிரான ஸ்பிதியின் முடிவு வருசநாட்டுக்கு அப்படியே செல்லாது. மேய்ச்சல் தீயைக் குறைப்பது ஒருபுறம், கன்றை அழிப்பது மறுபுறம், சத்தைச் சுமந்து போவது இன்னொருபுறம் என்று மூன்றும் ஒரே சரிவில் நடப்பதால், வறண்ட இலையுதிர்க் காட்டில் எது மேலோங்குகிறது என்பதை இடத்துக்கு இடம் அளந்துதான் சொல்லவேண்டும்.

அளவு வருவதற்குள் சட்டம் மறுபடி முந்திக்கொண்டது. 2021 பிப்ரவரியில் மேகமலையையும் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தையும் இணைத்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வருசநாட்டுச் சரிவுகளின் பெரும்பகுதி அதற்குள் அடங்கியது. 2022 மார்ச்சில், தேனி மாவட்ட மேய்ச்சல் பற்றிய வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் முதலில் தமிழ்நாட்டின் எல்லாக் காடுகளிலும் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது. மாத நடுவிலேயே அந்த உத்தரவைத் திருத்தி, தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும், இடம்பெயரும் மேய்ப்பர்களின் பருவகால நுழைவையும் உரிமையாகப் பட்டியலிடுகிறது. மலைமாட்டுக்காரர்கள் தங்கள் கோரிக்கைக்கு ஆதாரமாகக் காட்டுவது இந்தச் சட்டத்தைத்தான்.

மலை அடைபட்ட பிறகும் கிடை நிற்கவில்லை. இயற்கை வேளாண்மைக்குத் திரும்புபவர்களும், யூரியா மட்டும் போட்டு மண் இறுகிப்போனதைப் பார்த்தவர்களும், தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களும் கீதாரிகளைத் தேடி வருகிறார்கள். மந்தைதான் குறைவு, ஓட்டுவதற்கு ஆளும் குறைவு. மந்தைகள் இப்போது பெரும்பாலும் மேய்வது அறுத்த வயலின் தாளடியிலும், கண்மாய் உள்வாயின் சீமைக்கருவேலங் காட்டிலும், ரோட்டோரத்திலும். வயலில் இரவு விழும் சத்தில் இன்று ஒரு பங்கு முன்பு வேறொரு வயலில் கொட்டிய மூட்டை உரத்திலிருந்து வந்தது. மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கிய ஓட்டம் மெலிந்து, சமவெளிக்குள்ளேயே வயலுக்கு வயல் கைமாறுகிறது.